ரொக்கெட்டும் வேதாளமும்: சிறுவர் விஞ்ஞானக் கதையின் எல்லை எங்கே?

‘ஒரு விஞ்ஞானக் கதை எழுதுக’ என்று மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு வகுப்பில் தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். பொதுவாக மூன்று வகைத் தாள்கள் வந்து சேரும். ஒன்றில் ரொக்கெட்டில் நிலாவுக்குப் போன பிள்ளை அங்கே பேசும் முயலைச் சந்திக்கும். இன்னொன்றில் வாவி மீன் ஒரு சிறுமிக்கு வரப்போகும் ஆபத்தைச் சொல்லும். மூன்றாவதில் மந்திரக்கோலின் இடத்தில் ஒரு ரிமோட் இருக்கும். பொத்தானை அழுத்தினால் நினைத்ததெல்லாம் நடக்கும்.

எது விஞ்ஞானக் கதை? ரொக்கெட் இருப்பதால் முதலாவது தேறியது, ரிமோட் இருப்பதால் மூன்றாவதும் தேறியது, மீன் பேசுவதால் இரண்டாவது தேறவில்லை என்பதே வழக்கமான தீர்ப்பு. இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பிழை. மூன்றிலும் விஞ்ஞானக் கதையாக வளரக்கூடிய விதை மீன் கதையில்தான் அதிகம் இருக்கிறது. காரணத்தை அடியிலிருந்து பார்ப்போம்.

## முதலில் சொற்கள்

இலங்கையில் பாடத்தின் பெயர் விஞ்ஞானம். தமிழ்நாட்டில் அதுவே அறிவியல். ஆகவே இங்கே விஞ்ஞானக் கதை அல்லது விஞ்ஞானப் புனைகதை என்பதும், அங்கே அறிவியல் புனைகதை அல்லது சுருக்கமாக அறிபுனை என்பதும் ஒன்றேதான். மாயாஜாலக் கதை, மாயக்கதை, மிகுபுனைவு என்பவை இன்னொரு வகையின் பெயர்கள். இந்தக் கட்டுரையில் விஞ்ஞானக் கதை, மாயக்கதை என்ற இரண்டையும் பயன்படுத்துகிறோம். கிழக்கு மாகாணத்தில் மூன்றாவது ஒன்றையும் சேர்க்காமல் இந்தப் பேச்சைத் தொடங்க முடியாது.

1. விஞ்ஞானக் கதை: இன்று இல்லாத ஒரு பொருளை, உயிரை, இடத்தை அல்லது நிகழ்வை உண்டென்று வைத்துக்கொள்கிறது. அது நம்முடைய உலகின் இயற்கை விதிகளுக்கு உட்பட்டது, அல்லது அந்த விதிகளை இன்னும் கொஞ்சம் நீட்டினால் வரக்கூடியது என்று காட்டப் பார்க்கிறது.

2. மாயக்கதை: நடக்க முடியாத ஒன்றை நடந்ததாகச் சொல்கிறது. ஏன் நடந்தது என்று நம் உலகின் விதிகளிடம் விளக்கம் கேட்பதில்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது கற்பனை என்று தெரியும்.

3. நம்பிக்கைக் கதை: சொல்பவர் உண்மையென நம்பும் கதை. பேச்சியம்மன் காவல் நிற்பதாகச் சொல்லும் ஒரு வீட்டுக்கும், ஜின்களைப் பற்றிப் பேசும் ஒரு வீட்டுக்கும் அது கற்பனை இல்லை. இதை மாயக்கதை என்று பெயரிட்டு வகுப்பில் வைத்தால் பிள்ளையின் வீட்டைப் புண்படுத்துகிறோம். விஞ்ஞானக் கதை என்று பெயரிட்டால் விஞ்ஞானத்தைப் பிழையாகப் படிப்பிக்கிறோம். இதை இரண்டு தட்டிலும் போடாமல் தனியே வைப்பதுதான் சரி.

பெயர்கள் பழையவை என்று நினைக்க வேண்டாம். மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் 1818இல் வந்தபோது விஞ்ஞானக் கதை என்றொரு வகையே இருக்கவில்லை; அது திகில் கதையாகவே வாசிக்கப்பட்டது. விஞ்ஞானக் கதைக்கென்றே ஒரு சஞ்சிகையை ஹியூகோ கேர்ன்ஸ்பாக் அமெரிக்காவில் தொடங்கியது 1926 ஏப்ரலில். எல்லைக்கோடு கதைகளுக்குப் பிறகு வந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் குறையும்.

## பொருளைப் பார்த்துப் பிரித்தால் என்ன பிழைக்கும்

ரொக்கெட், றோபோ, லேசர் இருந்தால் விஞ்ஞானம். மந்திரவாதி, பேசும் மிருகம், பறக்கும் கம்பளம் இருந்தால் மாயம். இந்த அளவுகோல் பார்ப்பதற்கு இலகு. ஆனால் தமிழ் வாசகருக்கு நன்கு தெரிந்த இரண்டே உதாரணங்களில் உடைந்துவிடும்.

முத்து கொமிக்ஸின் முதல் வெளியீடாக 1972இல் வந்தது இரும்புக்கை மாயாவி. ஆய்வுகூடத்தில் மின்சாரம் தாக்கியதால், இரும்புக்கையைத் தவிர உடல் முழுவதும் மறைந்துபோகும் மனிதனின் கதை அது. 1962இல் பிரித்தானியச் சிறுவர் வார இதழொன்றில் தொடங்கியது. மூலத்தில் அவன் பெயரில் மாயம் எதுவும் இல்லை. இரும்பு நகம் என்ற பொருளில்தான் தலைப்பு. தமிழுக்கு வரும்போது ‘மாயாவி’ ஆனான். மின்சார விபத்தால் மறைந்த ஒருவனுக்கு மந்திரவாதியின் பெயரை வைத்தபோது எந்தப் பிள்ளையும் முரண்பாடாக உணரவில்லை. காரணம் எளிது. கதையில் மின்சாரம் செய்வது மந்திரத்தின் வேலையைத்தான்; மின் தாக்குதலுக்கும் மறைதலுக்கும் இடையில் ஒரு காரணச் சங்கிலி அங்கே இல்லை.

மறுபக்கம் வேதாளத்தை எடுங்கள். விக்கிரமாதித்தன் வாய் திறக்காமல் அதைச் சுமந்து வர வேண்டும். பேசினால் அது மறுபடி மரத்துக்குப் போய்விடும். கேள்விக்கு விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் அவன் தலை வெடிக்கும். இவ்வளவு இறுக்கமான விதியோடு நடக்கும் விஞ்ஞானக் கதைகள் குறைவு. ஆகவே ‘விதி இருந்தால் விஞ்ஞானம், விதி இல்லாவிட்டால் மாயம்’ என்பதும் சரிவராது. நல்ல மாயக்கதைக்கும் விதி உண்டு. வேறுபாடு அந்த விதியை எங்கே கொண்டுபோய்ச் சரிபார்க்கலாம் என்பதில் இருக்கிறது. வேதாளத்தின் விதியைக் கதைக்குள் மட்டும்தான் சரிபார்க்க முடியும். விஞ்ஞானக் கதையின் விதியைக் கதைக்கு வெளியே, பாடப்புத்தகத்திலும் வாவிக்கரையிலும் வைத்துச் சரிபார்க்கலாம்.

## கணக்குக் காட்டுதல்

இதைத்தான் கணக்குக் காட்டுதல் என்கிறோம். விஞ்ஞானக் கதை ஒரு பொய்யைக் கடனாக எடுக்கிறது. பிறகு வரும் பக்கங்களில் அதற்குக் கணக்குக் காட்டுகிறது. எச்.ஜி.வெல்ஸ் 1933இல் தம் கதைத் தொகுதிக்கு எழுதிய முன்னுரையில் இதைத் தெளிவாகச் சொன்னார்: நடக்க முடியாத ஒன்றை மட்டும் எடுத்து, அதை வீட்டுப் பிராணி போலப் பழக்கப்படுத்து, மற்றதெல்லாம் வழமையான உலகமாகவே இருக்கட்டும், எதுவும் நடக்கலாம் என்றால் எதிலும் சுவை இராது.

கணக்கு எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதில் முன்னோடிகளுக்கே ஒத்த கருத்து இல்லை. ஜூல்ஸ் வேர்ன் 1865இல் தம் கதாபாத்திரங்களைப் பீரங்கிக் குண்டில் அடைத்து நிலாவுக்கு அனுப்பினார். வெல்ஸ் 1901இல் புவியீர்ப்பைத் தடுக்கும் ஒரு பொருளைக் கற்பித்து அனுப்பினார். 1903இல் ஒரு நேர்காணலில் வேர்ன் குறைப்பட்டுக்கொண்டார்: நான் பௌதிகத்தைப் பயன்படுத்துகிறேன், அவர் புதிதாகக் கற்பிக்கிறார், அந்த உலோகத்தைக் காட்டட்டும் பார்ப்போம் என்று.

வேர்னின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உயர்தர மாணவர் யாரும் போடக்கூடியதுதான். அவருடைய பீரங்கியின் நீளம் 900 அடி, ஏறத்தாழ 274 மீற்றர். புவியை விட்டுப் போக வேண்டிய வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 11,000 மீற்றர். வேகத்தின் வர்க்கத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் ஆர்முடுகல், அதாவது வேகம் கூடும் வீதம், வரும்: 12 கோடியே 10 இலட்சத்தை 548ஆல் வகுக்க, ஏறத்தாழ 2,20,000. இது புவியீர்ப்பு ஆர்முடுகலின் 22,000 மடங்குக்கும் மேல். குண்டுக்குள் இருந்தவர்கள் புறப்பட்ட கணத்திலேயே நசுங்கியிருப்பார்கள். வெல்ஸின் உலோகம் எவ்வளவு இல்லாததோ, வேர்னின் பயணிகள் உயிரோடு தப்புவதும் அவ்வளவு நடக்காதது.

அப்படியானால் வேர்ன் எழுதியது மாயக்கதையா? இல்லை. அவர் நீளத்தையும் வேகத்தையும் கொடுத்ததால்தான் நாம் அவரைப் பிழை பிடிக்க முடிந்தது. பிழை பிடிக்க இடம் கொடுக்கும் கதை விஞ்ஞானக் கதை. விடை சரியாக வந்தே ஆக வேண்டும் என்பதில்லை; செய்கை வழி தெரிய வேண்டும். கணிதத் தாளில் செய்கைக்குப் புள்ளி கொடுக்கிறோமே, அதுபோல.

## ஒரு வாவி, ஒரு ஒலி, மூன்று கதைகள்

மேலே சொன்ன மீன் கதைக்கு வருவோம். எல்லைக்கோடு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க மட்டக்களப்பு வாவியைவிட நல்ல இடம் கிடையாது.

கல்லடிப் பாலத்தடியில், நிலவுக் காலத்து இரவுகளில், நீருக்குள் இருந்து இசை போன்ற ஒலி கேட்கும் என்பது நீண்டகாலச் செய்தி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ட் இதைத் தாமே கேட்டு நூலில் பதிந்தார். ஊர் மீனவர்கள் அதை ஊரி என்ற ஓட்டுயிர் எழுப்பும் ஒலி என்று சொன்னதையும் குறித்துவைத்தார். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் இதே நீர்நிலையை வைத்து நீரர மகளிர், அதாவது நீரில் வாழும் தெய்வப் பெண்கள், பாடுவதாகப் பாடினார். விஞ்ஞானம் கற்று அதைக் கற்பித்தவர் அவர். பழந்தமிழ் யாழின் சுருதிகளை எண் கணக்கால் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலைத் தந்தவர். ஒரே மனிதர் நீரர மகளிரையும் நரம்பின் கணக்கையும் கையாண்டார். இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பவில்லை. சிறுவருக்கு எழுதுவோர் கற்க வேண்டிய பாடம் இதில் இருக்கிறது.

இப்போது அந்த ஒலியை மூன்று விதமாக எழுதலாம்.

முதல் வகை மாயக்கதை. பௌர்ணமி இரவில் மீன் மகள் மேலே வந்து, பாட்டைக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு ஒரு வரம் தருகிறாள். இதற்குக் கணக்குத் தேவையில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வேண்டும்: பாட்டை யாருக்கும் சொல்லக்கூடாது என்பதுபோல. நிபந்தனையைக் கதை கடைசிவரை காப்பாற்ற வேண்டும்.

இரண்டாம் வகை விஞ்ஞானக் கதை. இங்கே தோணிக்காரரின் பழைய முறையிலிருந்து தொடங்கலாம். துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறு முனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். இதற்குக் காரணம் உண்டு. நீருக்குள் பிறக்கும் ஒலி மேற்பரப்பை அடையும்போது ஏறத்தாழ முழுவதும் திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் காற்றுக்குள் வரும். மரம் அந்த ஒலியை நேரே காதுக்குக் கடத்துகிறது. மீனுக்கு ஒலி எழுப்ப முடியுமா என்றால், சில மீன் இனங்கள் காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசையை வேகமாக அதிரவைத்து முனகல் போன்ற ஒலி எழுப்புவது நன்கு அறியப்பட்டது. ஆக, பிள்ளை துடுப்போடு தொடங்கி, பழைய ஒலிவாங்கியை நீர் புகாதபடி கட்டி வாவியில் இறக்கினால் கதை முழுக்கக் கணக்குக்குள் நிற்கிறது.

மீன் ஆபத்தைச் சொல்வதாக எழுதிய பிள்ளையின் கதையையும் இதற்குள் கொண்டுவரலாம். 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்த இடம் மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். அலை இங்கே வர ஏறத்தாழ 2 மணித்தியாலம் எடுத்தது. ஆனால் கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் போகும். அந்தத் தூரத்தைக் கடக்க அதற்கு 18 நிமிடம் போதும். நிலநடுக்கத்தின் முழக்கம் அலையைவிட ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் முந்தி வரும். ஆகவே ‘நீருக்குள் இருப்பவர்க்கு முன்பே தெரியும்’ என்ற பிள்ளையின் கற்பனைக்குக் கீழே உண்மையான பௌதிகம் கிடக்கிறது.

எங்கே பிழைக்கும்? வாவியில்தான். வாவி ஆழமற்றது, முகத்துவாரத்தின் மணல் திட்டு கடலிலிருந்து அதைப் பிரிக்கிறது. ஆழ்கடலில் நெடுந்தூரம் வந்த ஒலி அந்த ஆழமற்ற நீருக்குள் தெளிவாகப் புகாது. ஆகவே கேட்கும் கருவியை வாவியிலிருந்து எடுத்து வெளிக்கடலில் வைக்க வேண்டும். கதையின் ஒரு காட்சி இடம் மாறும், மற்றதெல்லாம் நிற்கும். இன்னொரு கவனமும் வேண்டும். கல்லடியிலும் நாவலடியிலும் மருதமுனையிலும் அந்த நாளில் ஆட்களை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்தக் கதையை வாசிப்பார்கள். மீன் எச்சரித்து எல்லாரும் தப்பினார்கள் என்று அந்த நாளையே திருத்தி எழுதுவதைவிட, வரவிருக்கும் ஒரு நாளில் கதையை வைப்பது நல்லது.

மூன்றாம் வகை இடைக்கதை. ஒலிவாங்கியில் பிடித்த ஒலியைப் பிள்ளை திரும்ப வாவிக்குள் ஒலிக்கவிடுகிறது, பதில் வருகிறது, அது மீனா மீன் மகளா என்று கதை சொல்வதில்லை. கருவி விஞ்ஞானத்துக்குரியது, பதில் மாயத்துக்குரியது. இதை எழுதத் தெரியாத எழுத்து என்று ஒதுக்கக்கூடாது. மட்லின் லெங்கல் 1962இல் வெளியிட்ட சிறுவர் நாவலில் விண்வெளியை மடித்துப் பயணம் செய்யும் கணிதமும் தேவதை போன்ற மூன்று பெண்களும் ஒன்றாகவே வருகின்றனர். அடுத்த ஆண்டு அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தின் நியூபெரி விருது அதற்குக் கிடைத்தது.

## எல்லை ஏன் நகர்ந்துகொண்டே இருக்கிறது

கதை மாறாமலே அது வேறு வகைக்குள் போய்விடலாம். உலகம் மாறுவதால் இது நடக்கிறது.

1877இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைக் கண்டதாக வரைந்தார். அவை கால்வாய்கள் என்று பலர் நம்பினர். கால்வாய் வெட்டும் செவ்வாய் மனிதர் கதைகள் அப்போது விஞ்ஞானக் கதைகள். 1965 ஜூலையில் மரினர் 4 அனுப்பிய படங்களில் கால்வாய்க்குப் பதில் பள்ளங்கள்தான் இருந்தன. அதே கதையை இன்று எழுதினால் மாயக்கதை. வெள்ளிக் கோளின் காடுகளும் கடல்களும் அப்படியே போயின. அங்கே வெப்பம் ஏறத்தாழ 460 பாகை செல்சியஸ். வாய் திறக்காமல் மனத்தோடு மனம் பேசுதல் 1940களிலும் 50களிலும் விஞ்ஞானக் கதைகளில் தாராளமாக வந்தது. சோதனைகளில் அது நிலைக்கவில்லை, ஆகவே மாயப் பக்கம் சாய்ந்துவிட்டது.

எதிர்த் திசையிலும் நகர்வு உண்டு. ஆர்தர் சி. கிளார்க் 1945இல் ஒரு கட்டுரையில், மத்தியகோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் வழியாக உலகம் முழுவதும் தொடர்பு கொள்ளலாம் என்றார். 1964இல் அது நடந்தது. இன்று அக்கரைப்பற்றின் கூரைகளில் இருக்கும் டிஷ் அன்ரனா அந்தக் கற்பனையின் வாரிசு.

1956 தொடக்கம் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்து, திருகோணமலைக் கடலில் சுழியோடிய அந்த எழுத்தாளர்தான், போதுமான அளவு முன்னேறிய தொழில்நுட்பத்தை மந்திரத்திலிருந்து பிரித்தறிய முடியாது என்ற புகழ்பெற்ற விதியையும் சொன்னவர். இந்த விதியைப் பலர் ‘எல்லை இல்லை’ என்று விளங்கிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. அவர் சொன்னது பார்ப்பவரின் நிலையைப் பற்றி. மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரில் ஒரு பேச்சு உண்டு. கேட்டவர் அதை மந்திரம் என்று நினைத்தார். ஊரவரோ விருந்தோம்பலைச் சொன்னது என்பார்கள். வந்தவர் எழும்பிப் போகவில்லை என்பது இரண்டு விளக்கத்துக்கும் பொது. உள்ளே இருந்து பார்ப்பவருக்குக் காரணம் தெரியும், வெளியே இருந்து பார்ப்பவருக்கு விளைவு மட்டும் தெரியும். சிறுவர் விஞ்ஞானக் கதையின் வேலை பிள்ளையை உள்ளே கூட்டிப்போவது.

கிளார்க் தம் எழுத்தில் எவ்வளவு கறாராக இருந்தார் என்பதற்கு 1979இல் வந்த அவரது நாவலே சாட்சி. புவியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் உயர்த்தியைப் பற்றிய கதை. அந்தக் கம்பியின் அடி மத்தியகோட்டில் இருக்க வேண்டும். இலங்கையோ வடக்கே இருக்கிறது; மட்டக்களப்பிலிருந்து மத்தியகோடு ஏறத்தாழ 850 கிலோமீற்றர் தெற்கே. அவர் விதியை வளைக்கவில்லை. தீவைத் தெற்கே ஏறத்தாழ 800 கிலோமீற்றர் நகர்த்தினார், தப்ரபேன் என்று பழைய பெயர் வைத்தார், நகர்த்தியதை நூலிலேயே சொல்லியும் விட்டார். நாட்டை நகர்த்துவது அப்பட்டமான கற்பனை. ஆனால் எதைக் கடனாக எடுத்தோம் என்பதை வாசகருக்கு மறைக்காததால் கணக்கு நேராக நிற்கிறது.

## சிறுவர் கதைகளில் அடிக்கடி கால் இடறும் இடங்கள்

1. பெரிதாக்குதல். எறும்பை நீளத்தில் 100 மடங்காக்கினால் காலின் குறுக்குப் பரப்பு 10,000 மடங்காகும், நிறையோ 10 இலட்சம் மடங்காகும். காலின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரும் முன்பைவிட 100 மடங்கு சுமக்க வேண்டும். எறும்பு நிற்காது, சரியும். பூச்சிகள் உடலிலுள்ள நுண்குழாய்கள் வழியாகச் சுவாசிப்பதால் பெரிய உடலுக்கு ஒட்சிசனும் போதாது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், வளியில் ஒட்சிசன் இன்றையதைவிட மிக அதிகமாக இருந்த காலத்தில், 65 சென்ரிமீற்றர் அளவு சிறகு விரிப்புள்ள தும்பி போன்ற பூச்சிகள் இருந்தன. ஆகவே பிள்ளைக்குப் பெரிய பூச்சி வேண்டுமென்றால் 50 சென்ரிமீற்றரோடு நிறுத்தச் சொல்லுங்கள், காற்றையும் மாற்றச் சொல்லுங்கள்.

2. மறைதல். கண் பார்க்க விழித்திரை ஒளியை உறிஞ்ச வேண்டும். ஒளி முழுவதும் ஊடுருவிப் போனால் மறைந்தவர் குருடர். இரண்டு விழித்திரைகள் மட்டும் காற்றில் மிதப்பதுபோலத் தெரியும் என்று எழுதினால் கணக்கும் சரிவரும், இரவு வாசிக்கும் பிள்ளைக்கு நல்ல நடுக்கமும் வரும்.

3. காலப் பயணம். முன்னே போவது பௌதிகத்துக்கு ஒத்தது: சர்வதேச விண்வெளி நிலையத்தில் 6 மாதம் இருந்து வருபவர் நம்மைவிட ஏறத்தாழ 0.005 வினாடி குறைவாக முதிர்ந்திருப்பார். பின்னே போவதற்கு இப்படியான சான்று எதுவும் இல்லை. பின்னோக்கிய பயணத்தை எழுதினால் அதையே கதையின் ஒரே கடனாக வைத்துக்கொள்ள வேண்டும்.

4. எல்லாம் செய்யும் பொத்தான். தொடக்கத்தில் சொன்ன ரிமோட் இதுதான். மின்சாரம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் வேலை செய்யும், எதைச் செய்யாது என்று எதுவும் இல்லை. மந்திரக்கோலுக்காவது மந்திரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்றொரு கட்டுப்பாடு உண்டு. இந்த ரிமோட் கதை விஞ்ஞானக் கதையாகவும் தேறாது, நல்ல மாயக்கதையாகவும் தேறாது.

5. இரண்டாவது பொய். முதல் பக்கத்தில் பேசும் றோபோ. நான்காம் பக்கத்தில் வழி அடைபட்டதும் அதே றோபோவுக்குத் திடீரெனச் சிறகு. கதையைக் கெடுப்பது சிறகு இல்லை. தேவைப்பட்ட நேரத்தில் மட்டும் அது முளைத்ததுதான். சிறகு முதல் பக்கத்திலேயே, மடிந்து, பழுதாகி இருந்திருக்கலாம்.

## புராணம், செய்தி, செய்மதி

பெயர்கள் ஒன்றாக இருப்பதாலும் குழப்பம் வரும். 2019இல் இலங்கையின் முதல் ஆய்வுச் செய்மதி விண்ணுக்குப் போனது. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் உள்ள ஒரு சிறு பெட்டி. ஜூன் 17இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் விடப்பட்டது. அதன் பெயர் இராவணா 1. அடுத்த ஆண்டு, 2020 ஜூலையில், இராவணனின் வான் பயணங்களைப் பற்றிய நூல்களும் ஆவணங்களும் இருந்தால் தருமாறு அரசுத் தரப்பிலிருந்து பத்திரிகை விளம்பரம் வந்தது. ஒரு பிள்ளையின் கண்ணுக்கு இரண்டும் ஒரே செய்தியின் இரு பாகங்கள்.

பிரித்துக் காட்டும் வழி முன்பு சொன்னதுதான். செய்மதிக்கு நீளம், உயரம், திகதி, அனுப்பிய கலம், செய்த மாணவர் எல்லாம் உண்டு, யாரும் சரிபார்க்கலாம். புஷ்பக விமானத்துக்குக் காவியத்தில் அழகு உண்டு, பக்தி உண்டு. எரிபொருளோ நிறையோ கேட்டால் காவியம் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. புஷ்பக விமானத்தை வைத்துப் பிள்ளை கதை எழுதலாம், தாராளமாக எழுதட்டும். அது பழங்காலத்தில் உண்மையான விமானம் என்று பாடமாகச் சொல்லும்போது புனைவு தன் இடத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறது. கைத்தொலைபேசியில் வரும் காணொளிகள் இந்த இடத்தில்தான் பிள்ளைகளை ஏமாற்றுகின்றன. விஞ்ஞானக் கதை வாசித்துப் பழகிய பிள்ளை ‘எவ்வளவு, எப்படி’ என்று கேட்கத் தொடங்கும். அந்தப் பழக்கம் கதைக்கு வெளியிலும் கைகொடுக்கும்.

நூலகங்களைப் பற்றி ஒரு சொல். நூல்களை எண்ணால் வகைப்படுத்தும் தூயி முறையில் தமிழ் இலக்கியம் 894.811இல் வருகிறது. அந்த எண் மொழியையும் வடிவத்தையும் பார்க்குமே தவிர, விஞ்ஞானமா மாயமா என்று பார்ப்பதில்லை. ஆகவே தட்டில் இரண்டும் கலந்துதான் இருக்கும். சிறுவர் பகுதியில் முதுகில் நிற ஒட்டி ஒட்டுவதென்றால் ஒரு நூலுக்கு இரண்டு நிறம் ஒட்டவும் இடம் வையுங்கள். ஒரே நிறம் என்று வற்புறுத்தினால் இடைக்கதைகள் எல்லாம் பிழையான பெயரோடு நிற்கும்.

## ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம்: யானையின் பேச்சு

வெல்லாவெளியிலோ அம்பாறைப் பக்கத்திலோ ஒரு பிள்ளை ‘யானை என்னோடு பேசியது’ என்று எழுதிக்கொண்டு வருகிறது என்று வைப்போம். அழித்துவிட்டு வேறு எழுதச் சொல்ல வேண்டாம். இப்படி வளர்க்கலாம்.

1. கடன் ஒன்று. யானையின் ஒலியைக் கேட்டு மொழிபெயர்க்கும் ஒரு பெட்டி. அதைத் தவிர வட்டையும் (வயல்வெளி) வரம்பும் மின்வேலியும் இன்று இருப்பதுபோலவே இருக்கட்டும்.

2. பெட்டிக்கு அடியில் உண்மை. மனிதக் காது ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. யானைகள் 14 ஹேர்ட்ஸ் வரை தாழ்ந்த ஒலியில் பேசுகின்றன. 1984இல் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மிருகக்காட்சிச்சாலை ஒன்றில் ஆசிய யானைகளின் அருகே காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்துதான் இதைக் கண்டுபிடித்தார். இந்த ஒலி சில கிலோமீற்றர் தூரம் போகும்.

3. நேரக் கணக்கு. யானை 2 கிலோமீற்றர் தள்ளி நின்று குரல் கொடுத்தால் ஒலி 6 வினாடியில் காவல் பரணுக்கு வந்துவிடும். மணிக்கு 5 கிலோமீற்றர் நடையில் யானை வர 24 நிமிடம் ஆகும். கதையின் பரபரப்பு முழுவதும் இந்த 24 நிமிடத்துக்குள் நடக்க வேண்டும்.

4. பெட்டி எங்கே பிழைக்கும். இதை எழுதாமல் விட்டால் பெட்டி மறுபடி மந்திரக்கோலாகிவிடும். காற்று வேகமாக அடித்தால் ஒலிவாங்கியில் தாழ்ந்த இரைச்சல் ஏறும். அதைவிட நல்ல தடை ஒன்று வயலிலேயே இருக்கிறது. மூன்று சிலிண்டர் உழவு இயந்திரம் நின்ற நிலையில் நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுற்றினால், இரண்டு சுற்றுக்கு மூன்று முறை எரிபொருள் வெடிக்கும். நிமிடத்துக்கு 1,200 வெடிப்பு, வினாடிக்கு 20. யானை பேசும் அதே தாழ்ந்த எல்லை. பெட்டிக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே கேட்கும்.

5. மொழிபெயர்ப்பின் அளவு. யானை முழு வசனத்தில் தமிழ் பேசினால் மாயக்கதை. அதையும் எழுதலாம், ஆனால் முதல் பக்கத்திலேயே தெரியப்படுத்த வேண்டும். பெட்டி ‘வா’, ‘நில்’, ‘குட்டி’ என்று மூன்று சொல் மட்டும் காட்டினால் விஞ்ஞானக் கதை. அந்த மூன்று சொல்லில் ‘குட்டி’ என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்து, குட்டி எங்கே என்று பிள்ளை தேடப் போனால் கதைக்கு இதயம் கிடைத்துவிடும்.

பின்னிரவு, அறுவடைக்கு இன்னும் சில நாள். பரணில் பெட்டியின் விளக்கு எரிகிறது. தூரத்தில் வயலுக்குச் சொந்தக்காரரான போடியாரின் உழவு இயந்திரம் நிறுத்தாமல் இரைந்துகொண்டிருக்கிறது. எரிந்தது எதற்காக என்று பிள்ளைக்குத் தெரியாது. கையில் இருப்பது 24 நிமிடம், அல்லது ஒன்றுமே இல்லை. முதல் வரியை இந்த இடத்திலிருந்து எழுதச் சொல்லுங்கள்.